சின்னக் கேள்வி மதாம்

"காலமை என்ன சாப்பிட்டனீர்?"

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. எங்கள் ஆட்கள் கேட்டிருந்தால் நான் கணக்கே எடுத்திருக்கமாட்டேன். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நாங்கள் ஒருவரையொருவர் கண்டால், விசா கிடைத்ததா என்று விசாரிப்பதற்கு முன்பே சாப்பாட்டை விசாரித்துவிடுவோம். ஆனால் கேட்டவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு ரோமேனியப் பெண்மணி. பாரிசுக்கு வந்த நாளிலிருந்து வெள்ளைக்காரர் என்னிடம் எந்த நாடு, ஏன் வந்தாய், எப்போது திரும்பிப் போவாய் என்று கேட்டிருக்கிறார்களே தவிர, என் வயிற்றைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. ஆகவே விபரமாகப் பதில் சொன்னேன்.

"பாண் மதாம். முதல்நாள் மீன்குழம்பு. ஆறின குழம்பிலையே தொட்டுச் சாப்பிட்டனான்."

"ஏன், மனுசி சூடாக்கித் தரேல்லையோ?"

"சண்டை மதாம்."

"என்ன சண்டை?"

"குழம்புக்கு உப்புக் காணாது எண்டு சொல்லிப்போட்டன்."

அவர் கைதட்டினார். பிறகு மண்டபத்தில் நின்ற தன்னுடைய ஆட்கள் பக்கம் திரும்பி, "ஆள் கிடைச்சிட்டார்" என்று அறிவித்தார். நானோ ஆட்டிறைச்சி ரோல்ஸ் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவன். எதற்கு ஆள், யாருக்கு ஆள் என்று தெரியாமல் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

இடையில் ஒன்றைச் சொல்லவேண்டும். அவர் பேசியது ரோமேனிய வாசம் வீசும் பிரெஞ்சு. நான் பேசியது குசினியில் கோப்பை கழுவிக் கற்ற பிரெஞ்சு. இரண்டும் சேர்ந்தால் ஒரு பிரெஞ்சுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார். ஆனால் நினைவில் அவர் என்னோடு யாழ்ப்பாணத் தமிழிலேயே பேசுகிறார், அதுவும் 'நீர்' போட்டு. அதை மாற்ற எனக்கு வராது. அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. உயிரோடு இருந்தபோதே நான் மதாம் என்றுதான் கூப்பிட்டேன்.

நான் வேலை செய்த சாப்பாட்டுக்கடைக்குப் பின்தெருவில் ஒரு சிறிய மண்டபம். சனிக்கிழமைப் பின்னேரங்களில் அங்கே ரோமேனியர்களின் சங்கம் ஒன்று கூடும். பிரெஞ்சுக் கடைகளைவிட எங்கள் ரோல்ஸ் மலிவு என்பதால் எங்களிடம் சொல்லி எடுப்பார்கள். முந்தின வருடம் போட்ட நாடகம் ஒன்றை அந்த வருடம் மறுபடி பழகினார்கள். சோசலிச அரசாங்கம் நடந்த காலத்தில் ஒரு சிறு நகரத்து நாடகக்குழு; அந்தக் குழுவுக்குள் இருந்துகொண்டே ஒருவன் மற்றவர்களைப் பற்றி இரகசியப் பொலிசுக்கு எழுதிக் கொடுக்கிறான். இதுதான் கதை. மதாம்தான் பிரெஞ்சில் எழுதி, நெறிப்படுத்தினார். நடிகர்கள், தையல்காரி, பொலிஸ் அதிகாரி என்று எல்லா வேடத்துக்கும் ஆள் இருந்தது. காட்டிக்கொடுக்கிறவனுக்குத்தான் ஒருவரும் முன்வரவில்லை.

காரணத்தைத் திமித்ரு எனக்கு விளக்கினார். இளைப்பாறிய டாக்சிக்காரர், பெரிய வயிறு, பெரிய மீசை. பொலிஸ் அதிகாரி வேடத்தைப் பாய்ந்து விழுந்து வாங்கியவர். மண்டபத்துக்குக் கிட்டடி மெத்ரோ ஸ்டாலின்கிராட். ஆனால் அந்தப் பெயருள்ள இடத்தில் கால் வைக்கமாட்டேன் என்று லா சப்பலில் இறங்கி, மூச்சிரைக்க நடந்து வருவார். மதாமோ ஸ்டாலின்கிராட்டிலேயே இறங்கி வருவார். "பேர்தானே, கடிக்காது" என்பார்.

"மெஸ்யூ ரோல்ஸ்" என்றார் திமித்ரு. எனக்கு அவர் வைத்த பெயர் அதுதான். "நான் பொலிஸ்காரனா நடிச்சால் சனம் சிரிக்கும். அவனா நடிச்சால், பின்வரிசையிலை ஒருத்தி பக்கத்திலை இருக்கிறவளின்ரை காதுக்குள்ளை, 'பாரன், என்ன இயல்பாச் செய்யிறான்' எண்டுவாள். அதோடை என்ரை கதை முடிஞ்சுது."

"நீங்கள் அப்பிடி இல்லைத்தானே?"

"அதை எப்பிடி நிரூபிக்கிறது? எங்கடை நாட்டிலை ஆர் எழுதினவன், ஆர் எழுதாதவன் எண்டு ஆருக்குத் தெரியும்? போன வருசம் ஒருத்தர் துணிஞ்சு நடிச்சவர். நல்லாத்தான் நடிச்சவர். இப்ப அவரோடை ஒருத்தரும் கதைக்கிறேல்லை."

ஆகவே அவர்களுக்குத் தேவைப்பட்டவர் வேறு நாட்டுக்காரர், நடிக்கத் தெரியாதவர். இரண்டு தகுதியும் எனக்குக் குறைவில்லாமல் இருந்தது.

நான் கோபிக்கவில்லை. எங்கள் கோயில் பங்கில் தவக்காலத்தில் பாடுகளின் காட்சி போடும்போது யூதாசுக்கு அடுத்த பங்கிலிருந்துதான் ஆள் பிடிப்பார்கள். ஊருக்குள் ஒருவர் யூதாஸ் வேடம் போட்டால் அவருடைய பேரப்பிள்ளை வரைக்கும் யூதாஸ் வீட்டுக்காரர்தான். அந்தக் காட்சியில் நான் ஒருமுறை உரோமைச் சேவகனாக நின்றவன். என் தகரத் தலைக்கவசம் கழன்று யேசுவின் காலில் விழ, சிலுவை சுமந்துகொண்டிருந்த அவர் நற்செய்தியில் இல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னார். என் கலைவாழ்க்கை அதோடு முடிந்ததென்று நினைத்திருந்தேன். பாரிசில் எனக்குப் பதவி உயர்வு காத்திருந்தது.

பழகும் முறை வித்தியாசமாக இருந்தது. மேடை நடுவில் ஒரு கதிரை. அதில் என்னை இருத்திவிட்டு, மதாம் முன்வரிசையில் கோட்டைக் கழற்றாமல் இருந்து கேள்வி கேட்பார். நான் அந்த மனிதனாகப் பதில் சொல்லவேண்டும். ஏன் காட்டிக்கொடுத்தாய், மனசாட்சி உறுத்தவில்லையா என்றெல்லாம் கேட்பார் என்று நினைத்து, கண்ணாடி முன் நின்று சோக முகம் ஒன்றை நான் தயாரித்துக்கொண்டு போனேன். என் மனைவி றெஜினா, பல்லுக்கொதியா என்று கேட்டாள்.

மதாம் கேட்டது இது:

"பொலிஸ்காரனைச் சந்திக்கப் போகேக்கை குடை கொண்டு போனனீரோ?"

"மழையோ மதாம்?"

"அது உமக்குத்தான் தெரியும்."

"கொண்டு போனனான்."

"ஆரின்ரை குடை?"

"மனுசியின்ரை."

"என்ன நிறம்?"

"பூப்போட்டது. வெக்கமாத்தான் இருந்தது."

"திரும்பி வந்து எங்கை காய வைச்சனீர்?"

இப்படியே போகும். சப்பாத்து கடித்ததா, தேத்தண்ணீர் தந்தார்களா, சீனி போட்டார்களா. எனக்குப் பகிடி வரும். பொலிஸ்காரன் சீனி போடாத தேத்தண்ணீர் தந்தபடியால்தான் நாட்டையே காட்டிக்கொடுத்தேன் என்று ஒருநாள் சொன்னேன். திமித்ரு தொப்பி விழச் சிரித்தார். மதாமும் சிரித்தார், ஆனால் விடவில்லை. "எத்தினை கரண்டி எதிர்பார்த்தனீர்?"

ஏன் இப்படி என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: "பெரிய கேள்வி கேட்டால் ஆக்கள் பெரிய பொய்யை எடுத்து வைச்சிருப்பினம். சின்னக் கேள்விக்கு ஒருத்தரும் பொய் ஆயத்தம் செய்து வைக்கிறேல்லை."

மேடையில் மட்டுமல்ல, எங்கும் அவர் அப்படித்தான். எங்கள் கடை முதலாளி யேசுதாசனின் தாய் ஊரில் இறந்த செய்தி வந்தபோது எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டோம். மதாம் வந்தார். "அம்மா செருப்புப் போடுறவவோ, வெறுங்காலோ?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யேசுதாசன் அகப்பையைக் கீழே வைத்தான். பிறகு, கோயிலுக்குப் போகும்போது மட்டும் போடுகிற ஒரு சோடியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். அடுப்பில் கறி அடிப்பிடித்துப்போனது. அவன் சொல்லி முடிக்கவில்லை.

எங்கள் கடையில் அவர் செய்த ஒரே அநியாயம், உழுந்துவடையைத் தேத்தண்ணீரில் தோய்த்துச் சாப்பிட்டதுதான். யேசுதாசன் அந்தப் பக்கம் பார்க்கமாட்டான். அப்படி ஒரு வடையைத் தோய்த்துக்கொண்டிருந்தபோதுதான், எந்த முன்னுரையும் இல்லாமல் சொன்னார்:

"என்ரை மனுசன் என்னைப் பற்றி எழுதிக் குடுத்தவர்."

மதாம் அங்கே அப்படி ஒரு நாடகக்குழுவில்தான் இருந்திருக்கிறார். கணவர் அதே குழுவில் விளக்குகள் பார்த்தவர். அந்த ஆட்சி விழுந்தபின் இருவரும் பாரிசுக்கு வந்தார்கள். லா கூர்னெவில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருந்தார்கள். அவர் அங்கேதான் இறந்தார். அதற்குப் பிறகு மதாம் ஒரு காணி அலுவலாக நாட்டுக்குப் போனபோது, பழைய பொலிஸ் கோப்புகளை விரும்பியவர்கள் பார்க்கலாம் என்றார்கள். மற்றவர்களைப் போல இவரும் போய்ப் பார்த்தார்.

"என்ன எழுதியிருந்தவர்?"

"பீன்ஸ் சூப் வைச்சவள் எண்டு. காலிலை ஆணி, நொண்டி நடக்கிறாள் எண்டு. பாட்டொண்டை முணுமுணுத்தவள், நடுவிலை வரியை மறந்துபோனாள் எண்டு. வருசக்கணக்கா இதுதான்."

"அவ்வளவுதானோ?"

"எழுத எவ்வளவோ இருந்தது. எங்கடை வீட்டிலை தடைசெய்த புத்தகம் இருந்தது. கூட்டாளிமார் வந்து தலைவரைப் பற்றிப் பகிடி விட்டவை. நானே நாட்டை விட்டு ஓடத் திட்டம் போட்டனான். அதுகளிலை ஒரு சொல்லும் இல்லை. சூப் மட்டும்தான்."

வடையின் கடைசித் துண்டு தேத்தண்ணீருக்குள் விழுந்து கரைந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"இரண்டிலை ஒண்டுதான். என்னைக் காப்பாத்த வேணுமெண்டு, அந்தாக்களின்ரை கடதாசியைச் சூப்பாலை நிரப்பியிருக்கவேணும். அப்பிடியெண்டால் அவர் என்னிலை அன்பா இருந்தவர். இல்லாட்டி, என்னிலை அவருக்குச் சூப்பைத் தவிர வேறை ஒண்டுமே கண்ணிலை படேல்லை. அப்பிடியெண்டால், அவ்வளவு வருசமும் அவர் என்னைப் பாக்கவே இல்லை. எது எண்டு எனக்குத் தெரியவேணும்."

நான் என்ன செய்தேன்? வழக்கம்போல வாயைத் திறந்தேன். "மூண்டாவதும் இருக்கு மதாம். உண்மையிலேயே நல்ல சூப்பா இருந்திருக்கும்."

தேத்தண்ணீர் மூக்கால் வரச் சிரித்தார். பிறகு கைலேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

அன்றிலிருந்து மேடைக் கதிரையில் இருப்பது எனக்கு இலேசாக இருக்கவில்லை. அவர் குடையைப் பற்றிக் கேட்கும்போது, கேட்பது என்னிடமில்லை என்று தெரிந்துவிட்டது. செத்த மனிதரிடம் கேட்க அவருக்கு வேறு இடம் கிடையாது. அந்தச் செத்தவருக்குப் பதிலாக, ரோல்ஸ் மணக்கும் கையோடு நான்.

ஒருநாள் இடைவேளையில், அவர்களுடைய பொலிஸ் கதைகளுக்குப் போட்டியாக என்னுடைய சரக்கு ஒன்றை எடுத்துவிட்டேன். என்னுடைய மிக வெற்றிகரமான பகிடி அது. கலியாண வீடுகளில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். எங்கள் ஊரில் ஆமிக்காரர் சுற்றிவளைத்து இளம் பொடியன்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். முகத்தை மூடிச் சாக்குப் போட்ட ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவனைத் தலையாட்டி என்போம். ஒவ்வொருவராக அவன் முன்னால் போகவேண்டும். அவன் தலையாட்டினால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

"நான் போய் நிக்கிறன். பாக்கிறான், பாக்கிறான், தலையை ஆட்டவேயில்லை. அப்பத்தான் விளங்கினது, என்ரை முகம் காட்டிக்குடுக்கக்கூடப் பெறுமதியில்லாத முகம் எண்டு!"

திமித்ரு மேசையில் அடித்துச் சிரித்தார். மதாம் சிரிக்கவில்லை.

"ஓட்டைக்குள்ளாலை அவர் என்ன கண்டவர்?" என்றார்.

"ஆர்?"

"சாக்குக்குள்ளை நிண்டவர். உம்மைப் பாக்கேக்கை அவருக்கு என்ன தெரிஞ்சிருக்கும்?"

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. என்னைத்தான் கேட்கவேண்டும், சாக்குக்குள் நின்றவனைக் கேட்க இவர் யார் என்று வந்தது. "உங்கடை ஆளுக்கு நடிக்கத்தான் வந்தனான் மதாம், எங்கடை ஆளுக்கில்லை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு ரோல்ஸ் பெட்டியை வேறொருவரிடம் கொடுத்து அனுப்பினேன்.

அவர் கடைக்கே வந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. நண்டுக்கறி சொல்லி, உறைப்பில் கண்ணும் மூக்கும் ஓட, ஓட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொண்டுபோய் வைத்தபோது என் வாய் தானாகத் திறந்தது.

"நான் சிரிச்சுக்கொண்டு நிண்டனான் மதாம். எனக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். சின்ன வயசிலையிருந்தே அப்பிடித்தான். பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டிருப்பன். அதைத்தான் அவன் கண்டிருப்பான்."

"உமக்குப் பக்கத்திலை ஆர் நிண்டது?"

"அன்ரன். எனக்குப் பின்னாலை. அவனுக்குத் தலையாட்டினவன்."

"என்ன உடுப்பு?"

"பச்சைச் சேட். ஒரு பொத்தான் மட்டும் வேறை நிறம். தங்கச்சி தைச்சுக் குடுத்தவள், நீலப் பொத்தான். நாங்கள் அதைச் சொல்லி அவனை..."

அன்ரன் திரும்பி வரவில்லை. தலையாட்டி பகிடியைச் சொல்லும்போதெல்லாம் அவனை வெட்டிவிட்டுத்தான் சொல்வேன். பகிடிக்கு அவன் இடைஞ்சல். அன்று அந்த நீலப் பொத்தானிலிருந்து தொடங்கி அவனைப் பற்றி எவ்வளவு நேரம் பேசினேனோ தெரியாது. அவன் மாம்பழம் சாப்பிடுகிற விதம், சைக்கிளில் கையை விட்டு ஓடுவது, கணக்குப் பாடத்தில் முட்டை. யேசுதாசன் என்னை வேலைக்குக் கூப்பிட வந்தவன், கூப்பிடாமல் திரும்பிப் போனான். மதாம் நண்டு ஓட்டைக் கோப்பையின் ஓரமாக அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை நான் போய்க் கதிரையில் இருந்தேன்.

நாடகம் நடந்த ஞாயிறு மண்டபம் நிறைந்திருந்தது. செவ்ரானிலிருந்தும் இன்னும் தூரத்திலிருந்தும் ரோமேனியர் வந்திருந்தார்கள். பின்வரிசையில் றெஜினாவும், வந்ததற்காகத் தகப்பனிடம் நன்றி எதிர்பார்த்த என் மகளும். நாடகம் முடிந்தபின் விளக்கை அணைக்கக்கூடாது என்பது மதாமின் ஏற்பாடு. நான் கதிரையிலேயே இருப்பேன். விரும்பியவர்கள் கேள்வி கேட்கலாம்.

முதலில் ஒரு பெண் எழும்பி, "உனக்கு வெக்கமில்லையா?" என்று கத்தினாள்.

"அது பெரிய கேள்வி" என்றார் மதாம் முன்வரிசையிலிருந்து. "சின்னனாக் கேளுங்கோ."

அந்தப் பெண் தடுமாறினாள். "எழுதின பேனையை எங்கை வைச்சிருந்தனீ?"

"சமையலறை இலாச்சியிலை. கரண்டிகளோடை."

சனம் சிரித்தது. வேறொருவர் எழும்பினார். பிறகு இன்னொருவர். பிள்ளைகளுக்கு என்ன வாங்கிப்போனாய், இரவில் எந்தப் பக்கம் சரிந்து படுப்பாய். நான் பழகியவன், பதில்கள் வந்தன. சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. கேட்கிறவர்கள் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் யாரையோ பார்த்துக் கேட்பதுபோல் இருந்தது.

அப்போது மதாம் எழும்பினார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். தன் விதியைத் தானே உடைத்தார்.

"அந்தச் சூப்பை... எனக்காகத்தான் எழுதினீரோ?"

அந்தக் கேள்வி நாடகத்தில் இல்லை. மேடை ஓரத்தில் நின்ற திமித்ரு பொலிஸ் தொப்பியைக் கழற்றினார். மதாமுக்கு என்ன பதில் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதைக் கொடுப்பதற்கு என்னைத் தவிர உலகத்தில் வேறு ஆள் இல்லை.

"ஓம்" என்றேன். "உங்களுக்காகத்தான்."

என் குரல் பங்குக்கோயிலில் வாசகம் வாசிக்கிற பொடியனின் குரல்போல வந்தது. மதாம் தலையைச் சரித்து என்னைப் பார்த்தார்.

"அப்ப ஏன் பிறகும் சொல்லேல்லை? எல்லாம் முடிஞ்சுபோச்சு. பொலிஸ் இல்லை, தலைவர் இல்லை. லா கூர்னெவிலை ஒரே மேசையிலை நெடுக இருந்து சாப்பிட்டோம். ஒருநாள் சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லேல்லை?"

எனக்குப் பகிடிகூட வரவில்லை.

நடுவரிசையில் ஒரு கிழவர் எழும்பினார். மழைக்கோட்டு, கையில் கம்பளித் தொப்பி. யாருக்கும் அவரைத் தெரியாது. ரோமேனிய மொழியில் ஏதோ சொன்னார். மதாம் அவரைப் பார்த்து ஏதோ கேட்டார். அவர் பதில் சொன்னார். பிறகு ஆட்களை விலக்கிக்கொண்டு மேடைக்கு ஏறி வந்து என் முன்னால் நின்றார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. எழும்பிக் கதிரையைக் கொடுத்தேன். எங்கே போய் நிற்பதென்று தெரியாமல் திரைச்சீலைக்குப் பக்கத்தில் இன்னொரு திரைச்சீலைபோல நின்றேன்.

திமித்ரு என் காதுக்குள் மொழிபெயர்த்தார். "தம்பியைப் பற்றி எழுதிக் குடுத்தவராம். தம்பி சாகுமட்டும் சொல்லேல்லையாம். சொல்லியிருந்தால், அதுக்கு முதல் தம்பியோடை கதைச்ச எல்லாமும் பொய்யாப் போயிடும் எண்டு பயமாம். தம்பிக்குக் காலமை வணக்கம் சொன்னதுகூட."

மதாம் அந்தக் கிழவரிடம் சின்னக் கேள்விகளாகக் கேட்டார். அவர் ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னார். ஒருவரும் கத்தவில்லை. முன்பு கத்திய பெண் ஒரு கப்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் கொடுத்தாள்.

"நான்தான் எண்டு ஒருத்தன் தன்ரை வாயாலை சொல்லி இண்டைக்குத்தான் கேக்கிறன்" என்றார் திமித்ரு. அவருடைய மீசை நனைந்திருந்தது.

எல்லோரும் போனபின் மதாமை ஸ்டாலின்கிராட் வரை கொண்டுபோய் விட்டேன். மேலே மெத்ரோ இரைந்துகொண்டு போனது. "பதில் கிடைச்சிட்டுதோ மதாம்?" என்றேன்.

"கிடைச்சது. ஆனால் அது அந்த மனுசன்ரை பதில். அவரின்ரை தம்பிக்குச் சேரவேண்டியது. நான் அதை எடுத்துக்கொண்டு வீட்டை போகேலாது."

அதற்குப் பிறகும் நாடகம் பலமுறை நடந்தது. ஒவ்வொரு முறையும் இல்லாவிட்டாலும், சில முறை யாராவது எழும்பி வந்தார்கள். சிலர் எழுதியவர்கள். கூடுதலானவர்கள் எழுதப்பட்டவர்கள், செத்துப்போன யாரிடமோ கேட்கவேண்டியதைக் கதிரையிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். உண்மையான ஆட்கள் வரத் தொடங்கியதும் நான் எழும்பிக் கதிரையைக் கொடுக்கிறவனாகிவிட்டேன். எனக்கு முந்தின வருடம் அந்த வேடம் போட்டவரோடு திமித்ரு இப்போது சீட்டாடுகிறார்.

எங்கள் ஆட்களுக்கும் இப்படி ஒன்று செய்தால் என்ன என்று யேசுதாசனிடம் கேட்டுப் பார்த்தேன். மேடையில் ஒரு கதிரை, அதில் சாக்குப் போட்ட ஒருவன், கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம். யேசுதாசன் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அண்ணை, உங்களுக்கென்ன விசரோ? ஆமியின்ரை சாக்கோடை நிக்கும் எண்டு நினைக்கிறியளோ? பிறகு எங்கடை இயக்கங்கள் போட்ட சாக்கையும் அவிழ்க்கவேணும். நான் லா சப்பலிலை கடை நடத்த வேண்டாமோ?" கொஞ்சம் பொறுத்து, வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டான்: "அன்ரனுக்குத் தங்கச்சி எண்டு சொன்னியள். அவ இப்ப எங்கை?" எனக்குத் தெரியாது என்றேன். தேடிப் பார்க்கவேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

மதாம் அடுத்த மாரியில் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனேன். முகம் சுருங்கி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. என்னைக் கண்டதும் காலைச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார் என்று பதிலை ஆயத்தமாக வைத்திருந்தேன். கேட்கவில்லை.

"அண்டைக்கு மேடையிலை 'ஓம்' எண்டனீர்" என்றார்.

"சொன்னனான் மதாம்."

"நீர் கொஞ்சம் நல்ல நடிகனா இருந்திருந்தால் நான் நம்பியிருப்பன். நம்பத்தான் எழும்பினனான்."

வழக்கம்போலப் பகிடி விட்டேன். "இப்ப பழகிப்போச்சு மதாம். இன்னொருக்காச் சொல்லிக் காட்டட்டோ?"

அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார்.

"சொல்லும்."

கதிரையை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு சொன்னேன். "ஓம். உங்களுக்காகத்தான்."

"கெதியாச் சொல்லிப்போட்டீர். அவர் அப்பிடிச் சொல்லமாட்டார். மெதுவா."

மெதுவாகச் சொன்னேன்.

"என்னைப் பாக்காதையும். அவர் முதல்லை மேசையைத்தான் பாப்பார்."

மேசையைப் பார்த்துச் சொன்னேன். மேசையில் மாத்திரைப் பெட்டியும் உரிக்காத ஒரு தோடம்பழமும் இருந்தன.

"இல்லை. 'ஓம்' எண்டு தொடங்கமாட்டார். கொஞ்ச நேரம் ஒண்டும் சொல்லாமல் இருந்துபோட்டுத்தான்."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். பிறகு சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். விரலால் போர்வையில் தட்டித் திருத்தினார். இன்னொருக்கா என்றார். சொன்னேன். இன்னொருக்கா. யன்னலுக்கு வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஒரு தாதி உள்ளே வந்து, பார்வையாளர் நேரம் முடிகிறது என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மேசையைப் பார்த்தபடி, நேரம் எடுத்து, இன்னும் ஒருமுறை சொன்னேன். இந்தமுறை விரல் தட்டவில்லை. நான் தலையை நிமிர்த்தினேன். கண் மூடியிருந்தது, மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. நித்திரையாகிவிட்டாரோ, நம்பிவிட்டாரோ தெரியவில்லை. எழுப்பிக் கேட்கவில்லை.